எத்தனை பேரில் எத்தனை பேர்? புதிய ஃப்ளூ செய்திகளைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

2025 சனவரி 6ஆம் தேதி, பெங்களூருவில் இரண்டு கைக்குழந்தைகளுக்கு எச்எம்பிவி என்ற வைரஸ் தொற்று இருப்பதாக மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது. அதையடுத்துச் சென்னையில் ஒருவருக்கும் சேலத்தில் ஒருவருக்கும் அதே தொற்று இருப்பதைத் தமிழ்நாடு அரசு தெரிவித்தது. ஒரு பக்கம் பெங்களூரு, மறுபக்கம் சேலம் என்று இரண்டுக்கும் நடுவில் அமைந்த கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு அந்த அறிவிப்பு எப்படிக் கேட்டிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கொரோனா காலத்தின் நினைவு ஆறாத மக்கள், மறுபடியும் ஊரடங்கு வருமா என்று கேட்டதில் தவறும் இல்லை. ஆனால் அந்த வைரஸ் 2001ஆம் ஆண்டிலேயே நெதர்லாந்தில் கண்டறியப்பட்டது. அதற்கும் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே மனிதரிடையே உலவி வருவது. ஐந்து வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு முறையேனும் வந்துபோவது. பெங்களூரு குழந்தைகளுக்கு அது இருப்பதுகூட, சுவாச நோய்களுக்கான வழக்கமான கண்காணிப்புப் பரிசோதனையில்தான் தெரியவந்தது.

எச்எம்பிவி ஃப்ளூ அல்ல. எனினும் ஃப்ளூ விஷயத்திலும் இதே கதைதான் நடக்கிறது. 2023 மார்ச்சில் கர்நாடகத்தின் ஹாசனில் ஒருவரும் அரியானாவில் ஒருவரும் எச்3என்2 தொற்றால் இறந்தார்கள் என்று செய்தி வந்தபோது, அது ஏதோ அந்த ஆண்டில் பிறந்த கிருமி என்றே பலரும் எண்ணினர். தமிழ்நாடு அரசு மாநிலமெங்கும் காய்ச்சல் முகாம்கள் நடத்தியது. அது சரியான நடவடிக்கையே. ஆயினும் எச்3என்2 வகை 1968இல் ஹாங்காங்கிலிருந்து உலகம் முழுவதும் பரவி, அன்றுமுதல் ஆண்டுதோறும் நம்மிடையே வந்துபோய்க்கொண்டிருக்கும், அரை நூற்றாண்டைக் கடந்த வைரஸ். ஆகவே, “புதிய காய்ச்சல்” என்ற செய்தி வரும்போது முதலில் பிரித்தறிய வேண்டியவை இரண்டு: அது உண்மையிலேயே புதியதா என்பது ஒன்று, அதைப் பற்றிச் சொல்லப்படும் எண்கள் எத்தனை பேரில் எடுத்த கணக்கு என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் முதன்முறையாகப் படிப்பவருக்கும் புரியுமாறு சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எது புதிது?

ஃப்ளூ எனப்படும் இன்ஃபுளூயன்சா வைரஸ்களில் ஏ, பி, சி, டி என நான்கு வகைகள் உண்டு. மனிதர்களிடையே ஆண்டுதோறும் பரவுபவை ஏ, பி என்னும் இரண்டு மட்டுமே. உலகளாவிய பெருந்தொற்றாக வெடித்தவை அனைத்தும் ஏ வகையைச் சேர்ந்தவை. இந்த ஏ வகை வைரஸின் மேற்பரப்பில் இரண்டு புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். எச் என்ற புரதம் நம் மூச்சுக்குழாய்ச் செல்லில் ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைய உதவுகிறது. என் என்ற புரதம், செல்லுக்குள் பெருகிய புதிய வைரஸ்கள் அதிலிருந்து விடுபட்டு வெளியேற உதவுகிறது. எச்1என்1, எச்3என்2, எச்5என்1 என்று செய்திகளில் வரும் பெயர்கள் இந்த இரு புரதங்களின் வரிசை எண்களே அன்றி, வீரியத்தின் அளவுகள் அல்ல. ஐந்து மூன்றைவிடக் கொடியது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது.

நம் உடலின் நோய் எதிர்ப்பாற்றல் பெரும்பாலும் இந்த மேற்பரப்புப் புரதங்களைத்தான் அடையாளம் வைத்துக்கொள்கிறது. ஒருமுறை ஒரு வகை வந்துபோனால், அதே வகை மறுபடி வரும்போது உடல் அதை விரைவாகத் தடுத்துவிடும். ஆனால் ஃப்ளூ வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது அடிக்கடி பிழை செய்கிறது. அப்பிழைகளால் புரதத்தின் வடிவம் ஆண்டுக்காண்டு சிறிது சிறிதாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. போன வருடம் காய்ச்சல் வந்தவருக்கு இந்த வருடமும் வருவதற்குக் காரணம் இதுதான். இது சிறு மாற்றம். ஊரில் பெரும்பாலோருக்கு அந்த வைரஸைப் பற்றிய பாதி நினைவாவது உடலில் மிஞ்சியிருக்கும். ஆகவே காய்ச்சல் பரவினாலும் ஓர் எல்லைக்குள் நிற்கும்.

பெரிய மாற்றம் என்பது வேறு. இந்த வைரஸின் மரபுப் பொருள் ஒரே இழையாக இல்லாமல் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. ஒரே பன்றியின் உடலில் பறவையின் ஃப்ளூவும் மனிதனின் ஃப்ளூவும் ஒரே சமயத்தில் புகுந்துவிட்டால், இரண்டின் துண்டுகளும் கலந்து, இரண்டுமல்லாத மூன்றாவது வைரஸ் ஒன்று உருவாகக்கூடும். அப்படிப் பிறந்த வைரஸின் மேற்பரப்புப் புரதம் மனித உடல்கள் பார்த்திராததாக இருந்து, அது மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதாகப் பரவும் திறனையும் பெற்றிருந்தால், அதுவே உண்மையான புதிய ஃப்ளூ. 1957இல் வந்த எச்2என்2, 1968இல் வந்த எச்3என்2, 2009இல் வந்த எச்1என்1 ஆகியவை இவ்வாறு துண்டுகள் கலந்து பிறந்தவை. மிகக் கொடியதாக அமைந்த 1918ஆம் ஆண்டின் எச்1என்1 எவ்வாறு தோன்றியது என்பது குறித்து ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதம் உண்டு. நூறாண்டுகளுக்கு மேலான காலத்தில் நான்கே ஃப்ளூ பெருந்தொற்றுகள் என்பதைக் கவனிக்க வேண்டும். “புதிய ஃப்ளூ” என்ற தலைப்புச் செய்திகளோ அநேகமாக ஆண்டுக்கொன்று வருகின்றன.

2009இன் பன்றிக் காய்ச்சலில் ஒரு விநோதம் இருந்தது. வழக்கமான ஃப்ளூ முதியோரையே அதிகம் வாட்டும். இதுவோ நடுவயதினரையும் இளைஞரையும் அதிகமாகத் தாக்கியது. இறந்தவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் 65 வயதுக்குட்பட்டவர்கள் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிட்டது. காரணம், 1957க்கு முன் பிறந்தவர்களில் பலர் தம் சிறுவயதில் 1918 வைரஸின் வழித்தோன்றல்களைச் சந்தித்திருந்தார்கள். அந்தப் பழைய நினைவு அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்கள் உடலில் வேலை செய்தது. ஒரு வைரஸ் புதிதா என்ற கேள்விக்கு ஒரே வீட்டில் தாத்தாவுக்கு ஒரு விடையும் பேரனுக்கு வேறு விடையும் இருக்கலாம் என்பது எனக்கு இத்துறையிலேயே மிகவும் வியப்பளிக்கும் செய்தி.

எத்தனை பேரில்?

அச்சத்தை உண்டாக்குவது பெரும்பாலும் ஒற்றை எண்தான். “பாதிக்கப்பட்ட நூறு பேரில் ஐந்து பேர் இறந்தனர்” என்று ஒரு செய்தி வந்தால், படிப்பவர் மனம் உடனே தன் தெருவில் எத்தனை பேர் என்று கணக்கிடத் தொடங்கிவிடுகிறது. அந்த நூறு பேர் யார் என்று கேட்பதற்கு யாருக்கும் தோன்றுவதில்லை.

ஒரு காய்ச்சல் தொடங்கும் காலத்தில் பரிசோதனைக்கு உட்படுபவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு நாள் சளியும் உடல்வலியுமாக இருந்து, மெடிக்கலில் பாராசிட்டமால் வாங்கி விழுங்கிவிட்டு மூன்றாம் நாள் வேலைக்குப் போன கட்டடத் தொழிலாளி அதில் இல்லை. பள்ளிக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்த சிறுமி அதில் இல்லை. மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களிடமிருந்து எடுத்த சளி மாதிரிகள்தாம் ஆய்வகத்துக்குப் போகின்றன. மா மண்டியில் கழித்துக் கொட்டிய காய்களை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டுத் தோப்பே அழுகிவிட்டது என்று சொல்வது போன்றதே, அந்த நூறு பேரை வைத்து முழு ஊரையும் கணிப்பது.

2009இல் நடந்தது இதுவே. ஏப்ரலில் மெக்சிகோவிலிருந்து வந்த முதல் செய்திகள், கடும் நிமோனியாவோடு மருத்துவமனையில் கிடந்த இளவயதினரைப் பற்றியவை. ஆகஸ்ட் 3ஆம் தேதி புனேயில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். இந்தியாவில் அத்தொற்றின் முதல் மரணம் அது. அடுத்த சில நாட்களில் அந்நகரில் முகக்கவசங்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது, பள்ளிகள் மூடப்பட்டன. ஓராண்டு கழித்து, லேசாக வந்துபோனவர்களையும் சேர்த்து மதிப்பிட்டபோது, அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 8 லட்சம் பேருக்கு அத்தொற்று வந்திருந்தது தெரிந்தது. இறந்தவர்கள் சுமார் 12,500 பேர். அதாவது, ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவர்.

இதைக் கேட்டவுடன், “அப்படியானால் எல்லாம் வீண் பயம்தான்” என்று முடித்துவிடுகிறவர்களும் உண்டு. அவர்களும் அதே கேள்வியின் மறுபாதியை மறக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தில் சுமார் 15 லட்சம் பேரும், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சுமார் 18 லட்சத்து 80 ஆயிரம் பேரும் இருந்தனர். இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 34 லட்சம். 2009இல் அமெரிக்காவில் ஐவரில் ஒருவருக்குத் தொற்று வந்தது. அதே விகிதத்தை, அளவு தெரிவதற்காக மட்டும், இங்கே பொருத்திப் பார்த்தால் 6 லட்சத்து 80 ஆயிரம் பேருக்குக் காய்ச்சல் வரும். 5,000 பேரில் ஒருவர் என்றால் 136 மரணங்கள். அங்கே சுமார் 220 பேரில் ஒருவர் மருத்துவமனையில் சேர நேர்ந்தது. அதன்படி இங்கே 3,000க்கும் மேற்பட்ட படுக்கைகள் தேவைப்படும். தனி மனிதருக்குச் சிறிய ஆபத்தாக இருப்பது ஒரு மாவட்டத்துக்குப் பெரிய சுமையாக இருக்க முடியும் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. அந்த 3,000 பேர் ஆறு மாதங்களில் பரவலாக வந்தால் அரசு மருத்துவமனைகள் சமாளித்துவிடும். மூன்றே வாரங்களில் வந்தால் ஆக்சிஜன் வசதியுள்ள கட்டிலுக்கு இரண்டு பேர் காத்திருப்பார்கள். ஒரு நோயின் கடுமை கிருமியை மட்டும் பொறுத்ததல்ல, அது வரும் வேகத்தையும் பொறுத்தது என்று மருத்துவர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

இன்னொரு திருத்தமும் இருக்கிறது. தொற்றியவர்களின் எண்ணிக்கை குறைத்து எண்ணப்படுவது போலவே, இறந்தவர்களின் எண்ணிக்கையும் குறைத்து எண்ணப்படுவதுண்டு. 2009 பெருந்தொற்றில் ஆய்வகச் சோதனையால் உறுதி செய்யப்பட்டு உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்பட்ட மரணங்கள் சுமார் 18,500 மட்டுமே. பின்னர் ஆய்வாளர்கள் செய்த மதிப்பீட்டில், முதல் ஆண்டில் உலகம் முழுவதும் இறந்தவர்கள் 1,51,700க்கும் 5,75,400க்கும் இடையில் இருக்கலாம் என்று தெரிந்தது. மாரடைப்பு, நிமோனியா, சர்க்கரை நோய் முற்றியது என்று எழுதப்பட்ட மரணங்கள் பலவற்றின் பின்னால் ஃப்ளூ இருந்திருக்கிறது. ஆகவே தொடக்க கால எண்களைப் பார்த்து நடுங்குவதற்கும் இடமில்லை, அரசு சொல்லும் எண் சிறியது என்று அலட்சியமாக இருப்பதற்கும் இடமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், எந்தப் பரபரப்பும் இல்லாத சாதாரண ஆண்டுகளிலேயே ஃப்ளூ சார்ந்த சுவாச நோய்களால் உலகில் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

1918ஐ நினைவூட்டி எழுதப்படும் கட்டுரைகளைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெருந்தொற்று கப்பல் வழியாக பம்பாய்க்கு வந்து, ரயில் பாதைகள் வழியாக உள்நாட்டில் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடியே இருபது லட்சம் முதல் இரண்டு கோடி வரை மக்கள் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. 1911க்கும் 1921க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் நாட்டின் மக்கள்தொகை ஏறாமல் குறைந்ததற்கு அதுவே முக்கியக் காரணம். ஆனால் அன்று அந்தக் கிருமி இன்னதென்றே தெரியாது. மனித ஃப்ளூ வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது 1933இல்தான். ஃப்ளூவுக்குப் பின் நுரையீரலில் குடியேறும் பாக்டீரியாக்களே பலரைக் கொன்றன. அவற்றைக் கொல்லும் பெனிசிலின் கண்டுபிடிக்கப்படவே இல்லை. அந்த ஆண்டு பருவமழையும் பொய்த்துப் பஞ்சம் நிலவியது. அந்த மரண விகிதத்தை அப்படியே எடுத்து இன்றைய காய்ச்சலோடு ஒட்டுவது நேர்மையான கணக்கல்ல.

அச்சத்தின் பக்கம் அதிகமாகச் சாய்ந்து தவறிய முன்னுதாரணமும் உண்டு. 1976இல் அமெரிக்க ராணுவ முகாம் ஒன்றில் பன்றி ஃப்ளூவால் ஒரு வீரர் இறந்தார். 1918 திரும்பிவிட்டது என்று அஞ்சிய அரசு, நாலு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு அவசரமாகத் தடுப்பூசி போட்டது. பெருந்தொற்று வரவே இல்லை. தடுப்பூசி பெற்றவர்களில் ஏறத்தாழ லட்சத்துக்கு ஒருவர் வீதம், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கில்லன்-பாரே என்னும் நரம்பு நோய் கூடுதலாகத் தோன்றியதால் அத்திட்டம் நிறுத்தப்பட்டது.

கோழி, முட்டை, பால்

பறவைக் காய்ச்சல் என்றால் நம் பக்கத்தில் அச்சம் வேறு வடிவம் எடுக்கும். கறிக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர்கள் பலர் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் உண்டு. முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லும் தொலைவில் இல்லை. 2025 பிப்ரவரியில் ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டங்களில் பண்ணைக் கோழிகளிடையே எச்5என்1 பரவியபோது, அங்கே நோய் வந்தது கோழிகளுக்கு. இங்கே வியாபாரம் படுத்தது நோயில்லாத கோழிகளுக்கும் சேர்த்துத்தான்.

எச்5என்1 அலட்சியப்படுத்தத்தக்கதல்ல. 1997இல் ஹாங்காங்கில் முதன்முதலாக 18 மனிதர்களுக்கு வந்து ஆறு பேரைக் கொன்றது. 2003 முதல் உலகெங்கும் 900க்கும் மேற்பட்டவர்களுக்கு உறுதி செய்யப்பட்டு, அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்திருக்கிறார்கள். இந்தியாவில் 2021இல் ஒரு சிறுவன் இத்தொற்றால் இறந்தான். பாதிப்பேர் என்ற எண்ணிலும் முன்பு சொன்ன எச்சரிக்கை பொருந்தும். லேசாக வந்தவர்கள் கணக்கில் விடுபட்டிருக்கலாம். அதைவிட முக்கியமான செய்தி, இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ந்து பரவும் திறனைப் பெறவில்லை என்பது. பறவை ஃப்ளூ ஒட்டிக்கொள்ளும் வகையான செல்கள் மனிதருக்கு நுரையீரலின் ஆழத்தில்தான் மிகுதி. மூக்கிலும் தொண்டையிலும் இருப்பவை பெரும்பாலும் வேறு வகை. அதனால் நோயுற்ற கோழியை வெறுங்கையால் கையாண்டு, அதன் எச்சத் தூசியை மூச்சில் இழுப்பவருக்கு ஆபத்து உண்டு. அவர் தும்மினால் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து மிகக் குறைவு. இந்த நிலை மாறுகிறதா என்பதைத்தான் விஞ்ஞானிகள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சமையலறைக்கு வந்தால், எழுபது டிகிரி செல்சியஸ் சூட்டில் இந்த வைரஸ் அழிந்துவிடும். நம் குழம்பு கொதிப்பது அதற்கு மேல். அரைவேக்காட்டு முட்டையைத் தொற்றுக் காலத்தில் தவிர்த்துவிடலாம். 2024இல் அமெரிக்கக் கறவை மாடுகளிடம் எச்5என்1 கண்டுபிடிக்கப்பட்டபோது எழுந்த கவலை காய்ச்சாத பாலைப் பற்றியது; பாலைப் பொங்கக் காய்ச்சியே குடிக்கும் நம் வீடுகளுக்கு அந்தக் கவலை அநேகமாக இல்லை. பன்றிக் காய்ச்சலும் சமைத்த பன்றி இறைச்சியால் வருவதல்ல. பண்ணையில் திடீரென்று கோழிகள் கூட்டமாகச் செத்தால், அவற்றைக் குட்டையிலோ ஓடையிலோ வீசாமல் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்வதே அக்கம்பக்கத்துப் பண்ணைகளுக்குச் செய்யும் பெரிய உதவி.

சோதனைச் சாவடியில் நிற்காத தொற்று

ஒவ்வொரு முறையும் எழும் கோரிக்கை, எல்லையை மூட வேண்டும் என்பது. ஓசூரை அடுத்த கர்நாடக எல்லையான ஜூஜூவாடியில் காய்ச்சல் மானியை நெற்றியில் காட்டுவது கண்ணுக்குத் தெரிகிற நடவடிக்கை. ஆதலால் மனத்துக்கு ஆறுதல் தருகிறது. ஆனால் ஃப்ளூ தொற்றியவருக்கு ஒன்று முதல் நான்கு நாட்கள் கழித்தே அறிகுறி தோன்றும். அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அவரால் பிறருக்குப் பரப்ப முடியும். ஓசூரிலிருந்து அன்றாடம் பெங்களூருவுக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புபவர்களும், வாரக் கடைசியில் தருமபுரி பேருந்தைப் பிடிக்கும் கட்டட வேலைக்காரர்களும் அந்த ஒரு நாளில் எந்தச் சாவடியிலும் சிக்கமாட்டார்கள்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இங்கே கணக்கு நமக்குச் சாதகமாகவும் இருக்கிறது. தட்டம்மை வந்த ஒருவர், எதிர்ப்பாற்றல் இல்லாதவர் நடுவே சராசரியாக 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார். 2009 ஃப்ளூவில் அந்த எண் சுமார் ஒன்றரைதான். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போக மூன்று நாட்கள் என்று வைத்தால், ஒரு மாதத்தில் பத்துச் சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றரை மடங்கு பெருகினால் மாத இறுதியில் தொற்று 58 மடங்காகும். காய்ச்சல்காரர் வீட்டிலிருப்பது, இருமுவோர் முகக்கவசம் அணிவது, கைகளைச் சோப்பால் கழுவுவது, வகுப்பறைச் சன்னல்களைத் திறந்துவைப்பது ஆகிய சாதாரணச் செயல்களால் அந்த ஒன்றரை, ஒன்றேகால் அளவுக்கும் கீழே 1.2 ஆகக் குறைந்தால், அதே மாத இறுதியில் வெறும் 6 மடங்குதான். ஒவ்வொன்றும் அரைகுறைத் தடையாகவே இருந்தாலும், சுற்றுக்குச் சுற்று பெருகும் இந்தக் கணக்கில் அதன் விளைவு பெரிது. திருமண மண்டபத்துக்கும் வாரச்சந்தைக்கும் காய்ச்சலோடு போகாமல் இருப்பது எந்தச் சாவடியைவிடவும் அதிகம் சாதிக்கும் என்பது என் கருத்து. கல்யாணத்துக்கு வராதவர் மீது வருத்தப்படும் நம் உறவுமுறை அதற்கு இடம்கொடுக்க வேண்டும்.

காய்ச்சல் வந்த வீட்டில்

ஃப்ளூ திடீரென்று வரும். காலையில் நன்றாக இருந்தவர் மாலைக்குள் குளிர்காய்ச்சல், தலைவலி, உடல்வலி, வறட்டு இருமல், தொண்டை வலி என்று படுத்துவிடுவார். பெரும்பாலோருக்கு மூன்று முதல் ஐந்து நாட்களில் காய்ச்சல் தணியும். இருமலும் அசதியும் இரண்டு வாரம் வரை இழுக்கலாம்.

மத்திய சுகாதார அமைச்சகம் எச்1என்1 காலத்தில் நோயாளிகளுக்காக வகுத்த ஏ, பி, சி என்னும் பிரிவுகள் இன்றும் பயன்படுகின்றன; இவை முன்பு சொன்ன வைரஸ் வகைகள் அல்ல. பொதுமக்கள் அவற்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. லேசான காய்ச்சலும் இருமலும் மட்டும் இருந்தால் ஏ பிரிவு: பரிசோதனையும் வேண்டாம், வைரஸ் மருந்தும் வேண்டாம், வீட்டில் ஓய்வு போதும், ஓரிரு நாளில் மறுபடி நிலையைப் பார்க்க வேண்டும். கடும் காய்ச்சலும் கடும் தொண்டை வலியும் உள்ளவர்களும், கர்ப்பிணிகள், 65 வயதுக்கு மேற்பட்டோர், சர்க்கரை, இதயம், நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல் நோயுள்ளோர் ஆகியோரும் பி பிரிவு: பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் ஒசல்டாமிவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தரலாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் போன்ற தூக்கக் கலக்கம், ரத்தம் கலந்த சளி, நகங்கள் நீலம் பாய்தல், குழந்தை பால் குடிக்க மறுத்தல், வலிப்பு ஆகியவற்றில் எதுவும் தோன்றினால் சி பிரிவு: பரிசோதனையும் சிகிச்சையும் மருத்துவமனையில் உடனே தொடங்க வேண்டும். எல்லோருக்கும் ஏன் சோதனை செய்வதில்லை என்று கோபப்படுபவர்களுக்கு இதுவே விடை. ஏ பிரிவினருக்குச் சோதனை முடிவு எதுவாக இருந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை.

ஒசல்டாமிவிர் அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தந்தால் நன்கு பயன்படும். கடுமையாக நோயுற்றவர்களுக்கு அதன் பிறகும் தரப்படுகிறது. இங்கேதான் நம் மாவட்டங்களின் நில அமைப்பு குறுக்கே வருகிறது. வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டி மலைக்கிராமங்களிலிருந்து மருத்துவமனைக்கு இறங்குவதற்கே அரைநாள் ஆகலாம் என்னும்போது, நகரத்துக்கு எழுதப்பட்ட “மூச்சுத்திணறல் வந்ததும் வாருங்கள்” என்ற அறிவுரை அங்கே பொருந்தாது. அவ்வூர்களில் கர்ப்பிணிக்கோ சர்க்கரை நோயாளிக்கோ கடும் காய்ச்சல் கண்டால், அன்றைக்கே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்வதும், 104 என்ற எண்ணில் ஆலோசனை கேட்பதும், நிலை மோசமானால் 108ஐ அழைப்பதும் முன்கூட்டியே நடக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அத்திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டில் மாத்திரை பெறுபவர்களே ஃப்ளூவால் அதிக ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவர்கள் என்பதால், அந்தப் பட்டியல் கையில் இருக்கும் ஊழியரே இங்கே முதல் காவலர்.

மழைக்காலத்தில் எல்லாக் காய்ச்சலையும் ஃப்ளூ என்று முடிவுகட்டுவதும் ஆபத்து. டெங்குவில் பொதுவாக இருமல் முன்னே நிற்காது. கண்ணுக்குப் பின்னால் வலியும், பிறகு தடிப்பும் வயிற்றுவலியும் வரலாம். காட்டிலும் புதரிலும் வேலை செய்பவர்களுக்கு வரும் உண்ணிக் காய்ச்சலில் உடலின் மறைவிடத்தில் கருமையான பொருக்கு ஒன்று தென்படலாம். அதற்கு டாக்சிசைக்ளின் என்ற மருந்து விரைவில் குணம் தரும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. எலிக் காய்ச்சலும் அப்படியே. மூன்று நாளில் இறங்காத காய்ச்சல் எதுவாயினும் ரத்தப் பரிசோதனைக்குரியது.

மருந்துக் கடையில் தானாகக் கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. “ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும்” என்று போய் நிற்பவர்களுக்குச் சிலர் போட்டு அனுப்பும் ஸ்டீராய்டு ஊசி, காய்ச்சலை இறக்கிக் காட்டி, உடலின் எதிர்ப்பைத் தளர்த்தி, நோயை உள்ளே வளரவிடக்கூடும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் தரவே கூடாது, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் அரிய நோய் ஒன்றை அது தூண்டலாம். நிலவேம்பு, கபசுரக் குடிநீர் அருந்துபவர்கள் அருந்தட்டும்; மேலே சொன்ன அபாய அறிகுறிகளில் ஒன்று தோன்றிய பின் அவற்றை நம்பிக் காத்திருப்பதுதான் தவறு.

தடுப்பூசியைப் பற்றி மிகையாகவும் குறைவாகவும் பேசப்படுகிறது. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால், உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்கும், எந்த வகைகளைத் தடுப்பூசியில் சேர்ப்பது என்று பரிந்துரைக்கிறது. பொருத்தம் நன்றாக அமைந்த ஆண்டுகளில் மருத்துவரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வரும் வாய்ப்பை அது 40 முதல் 60 விழுக்காடு வரை குறைக்கிறது. பாதிதானே என்று கேட்கலாம்; முன்பு போட்ட கணக்கின் 3,000 படுக்கைகளை நினைத்தால் பாதி என்பது சிறிதல்ல. போட்ட பின் பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். ஓராண்டுக்கு மேல் அதை நம்பியிருக்க முடியாது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குப் போட முடியாது; தாய் கர்ப்ப காலத்தில் போட்டுக்கொண்டால் அந்தப் பாதுகாப்பின் ஒரு பங்கு குழந்தைக்கும் கிடைக்கும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஃப்ளூ கூடுவதால், சர்க்கரை நோயாளிகளும் முதியோரும் கர்ப்பிணிகளும் தங்கள் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்க உகந்த காலம் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள்.